மாதிரிப்படம் இல்லாமல் ஒரு சுவர்: பினோத் பிஹாரி முகர்ஜியின் சுவரோவியங்கள்

கேள்வி இதுதான்: பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. அப்படிப்பட்ட வங்காள ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி, சாந்திநிகேதனில் தாகூர் நிறுவிய கல்வி நிலையத்தின் இந்தித் துறையான இந்தி பவனின் பெரிய சுவர்களை, முன்கூட்டியே தாளில் வரைந்துகொள்ளும் முழு அளவு மாதிரிப்படம் இல்லாமல் எப்படி வரைந்தார்? பார்வை அடியோடு போன பிறகு அவர் செய்தவற்றை நாம் பாராட்டுவது கலைக்காகவா, இரக்கத்தாலா?

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தள்ளி நின்று மொத்தத்தையும் ஒரே பார்வையில் பிடிக்கும் வசதி அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை. கையெட்டும் தூரத்தில் தெரிவதை வரைந்து, மீதியை மனத்தில் வைத்துக்கொண்டு நகர்வதுதான் தொடக்கம் முதலே அவர் முறை. ஈரச் சுண்ணாம்புச் சுவரும் ஓவியனிடம் அதையேதான் கேட்கிறது. எப்படி என்று சொல்ல, அவர் வாழ்க்கையையும் அந்தச் சுவரின் வேலைமுறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1904 பிப்ரவரி 7 அன்று கொல்கத்தாவை ஒட்டிய பெஹாலாவில் பிறந்தார். கண் கோளாறால் வழக்கமான பள்ளிப் படிப்பு சரிப்படவில்லை. 1917-ல் சாந்திநிகேதன் பள்ளிக்கு வந்தார். 1919-ல் அங்கே கலைப் பள்ளியான கலாபவன் தொடங்கியபோது அதன் முதல் மாணவர்களில் ஒருவர். பார்வை குறைந்த பையன் ஓவியம் பயில்வது நடக்கிற காரியமா என்று அங்கே ஓவியம் கற்பித்த நந்தலால் போஸுக்கே தயக்கம் இருந்தது. பையனுக்கு ஆர்வம் இருக்கிறது, உட்கார்ந்து வேலை செய்கிறான் என்றால் அவன் போக்கில் விட்டுவிடுங்கள் என்பதுதான் தாகூரின் நிலை. 1925-ல் அங்கேயே ஆசிரியரானார்.

நந்தலாலும் அவர் மாணவர்களும் புராணக் காட்சிகளிலும் கிராமத் திருவிழாக்களிலும் மூழ்கியிருந்த காலத்தில், இவர் பீர்பூம் மாவட்டத்தின் செம்மண் வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகிப்போன அந்த நிலத்துக்கு அங்கே ‘கொவாய்’ என்று பெயர். தனியாக நிற்கும் ஒரு பனை, புதர், வெற்று வானம், இவ்வளவுதான் அந்தப் படங்களில். கதை எதுவும் இருக்காது. அந்நாளைய வங்காள ஓவியத்தில் இது துணிச்சலான விலகல்.

கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ளது இன்னொரு வேலை. 1924-ல், இருபது வயதில், சாந்திநிகேதன் காட்சிகளை ஒரு நீண்ட சுருளில் வரைந்தார். ஏறத்தாழ 44 அடி நீளம், அரையடி அகலம். சீன, ஜப்பானியச் சுருள் ஓவியத்தை விரித்துச் சுவரில் மாட்டிப் பார்ப்பதில்லை. இடக்கையால் விரித்து வலக்கையால் சுருட்டி, ஒரு நேரத்தில் இரு கைகளுக்கு இடைப்பட்ட அளவே பார்ப்பார்கள். வரைபவரும் அப்படித்தான். முன்னால் போனது மனத்தில் இருக்கும், பின்னால் வரப்போவது இன்னும் இல்லை. மரம் முடிந்து வெளி தொடங்கும் இடம், வெளியிலிருந்து ஆள் நுழையும் இடம் ஆகிய இணைப்புகளில்தான் சுருளின் உயிர் இருக்கிறது. கிட்டப்பார்வைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. 1937-38-ல் ஜப்பானுக்குப் போனபோது சோதாட்சு போன்ற பழைய ஓவியர்களை அவர் தேடிப் பார்த்ததும் இந்தத் தொடர்ச்சியில்தான் வருகிறது.

சாந்திநிகேதன் சுவரோவிய மரபைப் பொறுத்தவரை அங்கே இரண்டு முறைகள் புழங்கின. ஒன்று ஜெய்ப்பூர் முறை. நந்தலால் ஜெய்ப்பூரிலிருந்து கைவினைஞரை வரவழைத்து மாணவர்களுக்குக் கற்பித்தார். சுண்ணாம்பில் பளிங்குத் தூள் சேர்த்த பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தை வைத்து, சிறு கரணையால் தட்டித் தட்டி உள்ளே இறக்கி, அகேட் என்னும் கடினமான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கண்ணாடிபோன்ற பரப்பு கிடைக்கும், ஆனால் தூரிகையின் தடம் தட்டுவதிலும் தேய்ப்பதிலும் மறைந்துபோகும். மற்றது இத்தாலிய முறை: பூசிய சுண்ணாம்பின் மேல் தண்ணீரில் குழைத்த வண்ணத்தை வைத்து அப்படியே விட்டுவிடுவது. 1930-ல் சாந்திநிகேதனை அடுத்த ஸ்ரீநிகேதனில் நந்தலால் வரைந்த ஏர் உழும் விழாக் காட்சி இந்த வகை. பினோத் பிஹாரியின் ஓவியமே தூரிகைக் கோட்டின் வேகத்தில் நிற்பது. அதனால் இந்தி பவனுக்கு இத்தாலிய முறைதான் சரி.

அந்த முறையின் வேதியியல் எளிது. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. அதைத் தண்ணீரில் நீற்றினால் கால்சியம் ஹைட்ராக்சைடு. சுவரில் பூசியதும் அது காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக, கல்லாக, மாறுகிறது. காயும்போது பரப்புக்கு வரும் சுண்ணநீர் அங்கே மெல்லிய படிகமாக இறுகி, வண்ணத் துகள்களைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. பசை, முட்டை, எண்ணெய் எதுவும் வேண்டாம். நம் தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் 1931-ல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களை ஆராய்ந்த எஸ். பரமசிவன், அவையும் ஈரச் சுண்ணாம்பில் வரையப்பட்டவை என்ற முடிவுக்கே வந்தார்.

கைவேலைதான் கடினம். சுண்ணாம்பைப் பூசுவதற்குப் பல மாதம் முன்பே நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி குழியில் ஊறவிட வேண்டும். ஆறு மாதம் ஊறினால் நல்லது, ஆண்டுக்கணக்கில் ஊறினால் இன்னும் நல்லது. வெண்ணெய்போல் வழுவழுப்பாக வர வேண்டும். அவசரப்பட்டால் நீறாத சிறு கட்டிகள் உள்ளே தங்கிவிடும். சுவரில் பூசிய பிறகு அவை மெல்ல நீறி உப்பி, ஓவியத்தின் நடுவே பொரிபோல் வெடித்து விழும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. மணல் ஆற்று மணலாக, களிமண் இல்லாமல் அலசியதாக, விரலில் உரசினால் கரகரப்பதாக இருக்க வேண்டும். உப்பு கலந்த மணல் ஓரிரு மழைக்காலத்துக்குள் வெள்ளைப் பூஞ்சைபோலப் பூத்து வண்ணத்தைத் தள்ளிவிடும்.

பூச்சு மூன்று அடுக்கு. செங்கல் சுவரை முதல்நாளே நன்றாக நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு பருமணல் கலந்து முதல் பூச்சு. பரப்பைக் கீறிச் சொரசொரப்பாக விட வேண்டும். அடுத்தது ஒன்றுக்கு இரண்டு, சற்று நயமான மணல். வழக்கமாக மாதிரிப்படத்தின் கோடுகள் முதலில் வருவது இந்த இரண்டாம் பூச்சின் மேல்தான். கடைசி அடுக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் கனம், சுண்ணாம்பும் சலித்த மணலும் ஏறக்குறைய சம அளவு. அன்றன்று எவ்வளவு வரைய முடியுமோ அந்தப் பகுதிக்கு மட்டுமே இதைப் பூசுவார்கள். இதற்குத் ‘தினப்பூச்சு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பூசிய உடனே வரையக் கூடாது, தூரிகை சாந்தைக் கிளறிவிடும். விரல் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஆனால் சாந்து ஒட்டி வரக் கூடாது. அந்தப் பதத்திலிருந்து ஏறத்தாழ ஆறு, ஏழு மணி நேரம் கிடைக்கும். வறண்ட காற்று அடிக்கும் கோடையில் அது மூன்று, நான்காகச் சுருங்கும். அந்த நேரத்திலும் நடுப்பகுதிதான் பொன்னான பொழுது: சுவர் வண்ணத்தை மெதுவாக உறிஞ்சும், கோடு வழுக்கிக்கொண்டு போகும். கடைசியில் தூரிகை சுவரில் இழுபடத் தொடங்கும். அப்போது நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் வரைந்தால் வண்ணம் மேலோடு நிற்கும், காய்ந்த பிறகு துணியால் துடைத்தாலே வந்துவிடும். மீதமிருக்கும் வெறும் சாந்தை உருவங்களின் ஓரத்தை ஒட்டிச் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டு, மறுநாள் அந்த வெட்டில் புதுச் சாந்தைச் சேர்ப்பார்கள். தோளின் கோடு, ஆடையின் விளிம்பு, மரத்தின் புறம் என்று இந்த இணைப்பை எங்கே மறைப்பது என்பதை முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். வானத்தின் நடுவே வந்தால் என்றைக்கும் வடுவாகத் தெரியும்.

வண்ணங்களின் பட்டியலும் சிறியது. மஞ்சள் காவி, செங்காவி, பழுப்பு மண், பச்சை மண், கரி. வெள்ளைக்குச் சுண்ணாம்பே போதும். ஈய வெள்ளை கறுத்துவிடும். பிரஷ்யன் நீலத்தைச் சுண்ணாம்பின் காரம் சிதைத்துப் பழுப்பாக்கிவிடும். இந்தி பவன் சுவரில் மண் நிறங்களே மேலோங்கி நிற்பதற்கு ஊடகமும் ஒரு காரணம். அந்த மண் நிறங்கள் பீர்பூம் நிலத்தின் நிறங்களாகவும் அமைந்தது அவருக்கு வாய்த்த நல்ல பொருத்தம். இன்னொரு தொல்லை: ஈரத்தில் அழுத்தமாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் பல படி வெளிறும். நேற்றைய காவி இன்று வேறு காவியாகத் தெரியும். அதனால் ஒரு நிறத்தை வேலை முழுமைக்கும் ஒரே தடவையில் அரைத்துக் குடுவையில் வைத்துக்கொள்ள வேண்டும். சுவரில் வைக்கும் முன் உறிஞ்சும் உலர்ந்த செங்கல்லில் தொட்டுப் பார்த்தால் காய்ந்த நிறம் உடனே தெரியும்.

இவ்வளவு கட்டுப்பாடு இருப்பதால்தான் பெரும்பாலோர் முழு அளவு மாதிரிப்படம் தயாரிக்கிறார்கள். தாளில் வரைந்து, கோடுகளில் துளையிட்டு, கரித்தூள் பொட்டலத்தால் தட்டிச் சுவரில் இறக்குவார்கள். தவறு செய்தால் பூச்சையே செதுக்கி எடுத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும், அழித்து எழுத முடியாது. அப்படியிருக்க இவர் அதை ஏன் விட்டார்?

முதலில் அதற்கு முந்தைய இரண்டு வேலைகளைப் பார்க்க வேண்டும். 1940-ல் கலாபவன் மாணவர் விடுதியின் கூரை உட்புறத்தில் பீர்பூம் கிராமத்தை வரைந்தார். நடுவில் குளம், அதைச் சுற்றி மரங்கள், குடிசைகள், ஆட்கள், கால்நடைகள். கூரையில் வரைவதற்கு மேல் கீழ் கிடையாது. கீழே நிற்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று நேராக நிற்க வேண்டும். குளத்தை மையமாக்கி மற்றவற்றைச் சுற்றிலும் அடுக்கியதில் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஒரு கிராமம் இப்படித்தான் குளத்தைச் சுற்றி வளர்ந்திருக்கும் என்பதால் தந்திரமாகத் தெரியவும் இல்லை. நிலையான பார்வைப் புள்ளி ஒன்று வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து அவர் விடுபட்டது அங்கேதான். 1942-ல் சீன மொழித் துறையான சீனா பவனில் வளாக வாழ்க்கையை வரைந்தது அடுத்த படி. சத்யஜித் ராய் கலாபவனில் மாணவராக இருந்த காலம் இதுவே.

1946-47-ல் இந்தி பவன். இந்தத் துறையை நடத்திவந்தவர் கபீரைப் பற்றி ஆராய்ந்து எழுதிய ஹசாரி பிரசாத் துவிவேதி. சாந்திநிகேதன் அறிஞர் க்ஷிதிமோகன் சென் திரட்டிய இடைக்காலச் சாதுக்களின் பாடல்கள் சாந்திநிகேதனில் முன்பே வேரூன்றியிருந்தன. கபீரின் நூறு பாடல்களைத் தாகூர் ஆங்கிலத்தில் தந்தது அந்தத் திரட்டின் துணையோடுதான். எனவே இடைக்கால பக்தர்களின் வாழ்க்கை அந்தக் கட்டடத்துக்கு இயல்பான பொருள். வேலை நடந்த ஆண்டுகளோ வங்காளம் மதக் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த ஆண்டுகள். நெசவாளி கபீரும் ராமானுஜரும் சூர்தாசும் துளசிதாசும் குரு கோவிந்த் சிங்கும் ஒரே கூட்டத்தில் நடந்துபோகும் சுவரை அந்த வேளையில் வரைந்ததை அதிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஓவியம் மூன்று சுவர்களின் மேற்பாதியில், மொத்தம் 70 அடிக்கும் மேல் நீள்கிறது. உதவியவர்களில் மனைவி லீலாவும், மாணவராயிருந்த கே.ஜி. சுப்ரமணியனும் உண்டு. சுப்ரமணியன் கூத்துப்பறம்பில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்று, 1944-ல் சாந்திநிகேதன் வந்தவர். பிற்பாடு தாமும் பெரிய சுவரோவியராக விளங்கினார். பினோத் பிஹாரியிடம் இருந்தவை சிறு அளவுக் குறிப்புப் படங்கள். முழு அளவுப் படத்தைச் சுவரில் இறக்காமல், கோட்டை நேரே ஈரச் சாந்தில் இழுத்தார்.

இது வீம்பு இல்லை. முழு அளவு மாதிரிப்படத்தின் பயன் தள்ளி நின்று பார்த்துத் திருத்துவதில் இருக்கிறது. பத்தடி தள்ளினால் விவரம் மங்கிப்போகும் கண்ணுக்கு அது உதவாது. படியெடுத்த கோடு செத்த கோடாகவும் ஆகிவிடும். துளைப் புள்ளிகளைத் தொடரும் கை தயங்கித் தயங்கித்தான் போகும். அவருக்கு வேண்டியது வேறு: அளவுகளின் உறவு கையில் பதிந்திருக்க வேண்டும், அடுத்த தினப்பூச்சு எங்கே முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும். சாரத்தில் நின்றால் சுவர் முழங்கை தூரத்தில். அந்த தூரத்தில் அவர் கண் நன்றாகவே வேலை செய்தது. ஒரு நாளைய சாந்து சுருளின் ஒரு விரிப்பு. மறுநாளையது அடுத்த விரிப்பு. இருபது வயதில் 44 அடிச் சுருளில் பழகியதைத்தான் நாற்பதைக் கடந்து சுவரில் செய்தார்.

ஓவியத்தின் அமைப்பே இதற்குச் சாட்சி. மையத்தில் ஒரு பெரிய உருவம், சுற்றிலும் சிறியவை என்ற அடுக்கு இல்லை. நெடிதுயர்ந்த உருவங்கள் தோளோடு தோளாக ஆற்றுவெள்ளம்போல் பக்கவாட்டில் நகர்கின்றன. ஆடை மடிப்பின் நெட்டுக்கோடுகள் தூண்கள்போல் தாளம் கொடுக்க, இடையிடையே படித்துறை, வீட்டு முகப்பு, தறி, நெருக்கித் தள்ளும் கூட்டம். சாதுக்கள் தம்மைச் சூழ்ந்தவர்களைவிடச் சற்றே பெரியவர்கள், அவ்வளவுதான். ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பக்தி இயக்கத்தைக் கூட்டத்தோடு சேர்த்துக் காட்ட இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. இந்திய நவீன ஓவியத்தில் இதற்கு நிகரான சுவர் வேறொன்று உண்டு என்று நான் நினைக்கவில்லை.

1949-ல் கலாபவனை விட்டுக் காத்மாண்டு அரசு அருங்காட்சியகத்துக்குக் காப்பாட்சியராகப் போனார். பிறகு ராஜஸ்தானில் பனஸ்தலி, முசோரியில் லீலாவோடு நடத்திய கலைப் பயிற்சிக்கூடம், பாட்னா. 1956-57-ல் கண் அறுவைச் சிகிச்சை தவறிப்போய், இருந்த பார்வையும் போயிற்று. 1958-ல் கலாபவனுக்கே திரும்பிக் கலை வரலாறும் கோட்பாடும் கற்பித்தார்.

இனி இரண்டாம் கேள்வி. பார்வை போன பிறகு செய்த எல்லாமே ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். கோட்டோவியங்களில் சில தடுமாறுகின்றன. ஒரு கோடு இன்னொன்றைத் தெரியாமல் வெட்டிக்கொண்டு போகிறது. ஆனால் வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டிய படங்களை எந்தக் கண்காட்சியிலும் பெயர் மறைத்து வைக்கலாம். காரணம் தொழில் சார்ந்தது. தாளை மடித்தால் மடிப்பு விரலுக்குத் தெரியும், வெட்டிய விளிம்பும் தெரியும், ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருப்பதும் தெரியும். நிறத்தை நினைவிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பேனாக் கோடு விரலுக்குத் தெரியாது. தொட்டு உணர முடிந்த ஊடகத்தில் அவர் வலிமை குறையவே இல்லை என்பதற்கு மெழுகிலும் களிமண்ணிலும் செய்த சிறு உருவங்களும் சான்று.

1972-ல் கலாபவனில் செய்த ஓட்டுச் சுவர் இந்தத் தாள் வேலையிலிருந்து நேராகப் பிறந்தது. சுட்ட ஓடுகளைச் சேர்த்து அமைத்த உருவங்கள் கத்தரித்த தாளின் எளிமையோடு நிற்கின்றன. இங்கே தினப்பூச்சின் இடத்தை ஓடு பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொன்றும் கைக்குள் அடங்கும் ஒரு துண்டு. துண்டுகளின் உறவு மனத்தில். கண் இருந்தபோது செய்ததும் கண் போனபின் செய்ததும் அடிப்படையில் ஒரே வேலைமுறை என்று நான் சொல்வது இதனால்தான். அதே 1972-ல் சத்யஜித் ராய் தம் ஆசிரியரைப் பற்றி எடுத்த ‘தி இன்னர் ஐ’ குறும்படத்தில் அவர் இந்தச் சுவருக்காக உழைப்பதைப் பார்க்கலாம். 1974-ல் பத்ம விபூஷண். 1980 நவம்பர் 11 அன்று மறைந்தார். மகள் மிருணாளினி முகர்ஜி சணல் கயிற்றை முடிச்சிட்டுப் பெரிய சிற்பங்கள் செய்தவர்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: இந்தி பவன் ஓவியம் சுவரின் மேற்பாதியில் இருப்பதால் கீழிருந்து கோடுகளின் வேகம் சரியாகத் தெரியாது. சிறிய தொலைநோக்கி ஒன்று எடுத்துச் செல்லுங்கள். முழுச் சுவரையும் ஒரே படமாகப் பிடிக்க முயலாமல், சுவரை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நடந்து பாருங்கள். பக்கவாட்டில் சாய்ந்து வெளிச்சம் விழும் நேரமாக இருந்தால், உருவங்களின் ஓரத்தை ஒட்டி மெல்லிய மேடாக ஓடும் கோடுகள் தட்டுப்படலாம். ஒரு நாளின் சாந்து முடிந்து அடுத்த நாளின் சாந்து தொடங்கிய இடங்கள் அவை.